இன்டர்காம் பெட்டி வழியாக நெட் வருமா?

கன்னியாகுமரி கடற்கரைப் பக்கம் ஒரு லாட்ஜ். 3 மாடி, 30 அறை. ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் சுவரில் பழைய இன்டர்காம் பெட்டி ஒன்று. வைஃபை போட வேண்டும் என்று உரிமையாளர் கூப்பிட்டிருந்தார். சாயா வரவழைத்துக் கொடுத்தார். நான் கேபிள் அளவெடுக்க டேப்பை இழுத்தபோது கேட்டார்: "தம்பி, ரூமுக்கு ரூம் போன் ஒயர் கெடக்குல்லா? அந்தப் பெட்டியில நெட்டைக் குடுத்தா எல்லா ரூமுக்கும் போயிராதா? எதுக்கு வேற ஒயரு?"

நியாயமான கேள்விதான். மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு இந்த வேலையைப் பார்க்கிறேன். தக்கலையில் ஆடிட்டர் ஆபீஸ், குளச்சலில் ஐஸ் பிளான்ட், நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி என்று போகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி ஏதாவதொரு வேஷத்தில் வந்துவிடும். "போனுக்கு நாலு லைன் இருக்கு, நெட்டுக்கு ஒரே லைன்தானே, பத்து பேர் எப்படிப் பார்ப்பாங்க?" என்பார் ஒருவர். "லைன் செத்துக் கிடக்கே, வந்த மெயில் எல்லாம் போயிருக்குமோ?" என்பார் இன்னொருவர்.

குழப்பம் முழுக்க 'லைன்' என்கிற சொல்லில் இருக்கிறது. சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பியும் லைன். எக்ஸ்சேஞ்ச் தரும் எண்ணும் லைன். ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பதும் லைன். 'லைன்லயே இருங்க' என்கிறோமே. இன்டர்நெட் இணைப்பையும் லைன் என்றுதான் சொல்கிறோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம்.

பெட்டி செய்யும் வேலை

இன்டர்காம் பெட்டிக்கு இபிஏபிஎக்ஸ் என்று பெயர். ஆபீசுக்குள்ளேயே இருக்கும் குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அது. வெளியிலிருந்து பெட்டிக்கு வரும் தொலைபேசி இணைப்பு டிரங்க். பெட்டியிலிருந்து மேஜைக்கு மேஜை போவது எக்ஸ்டென்ஷன்.

ஒரு கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எட்டுப் பேர், வாசலில் இரண்டு கார். வீட்டுக்குள் யாரும் யாரோடும் பேசலாம், அதற்குக் கார் வேண்டாம். வெளியே போகத்தான் கார். இரண்டு பேர் எடுத்துக்கொண்டு போய்விட்டால் மூன்றாமவர் திண்ணையில் உட்கார வேண்டியதுதான். போனவர் திரும்புகிற வரை கார் அவருடையது. வழியில் ஒரு மணி நேரம் சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் கார் அவருடையதுதான்.

இந்தக் கார்தான் டிரங்க். நீங்கள் 0 அழுத்தி வெளியே பேசத் தொடங்கியதும் பெட்டி ஒரு டிரங்கை உங்களுக்கென்று பூட்டிவிடும். பேசினாலும் சரி, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு மௌனமாக இருந்தாலும் சரி, வைக்கிறவரை அது உங்களுடையது. இப்படி ஒரு பாதையை முழுதாக ஒருவருக்கே ஒதுக்கும் முறைக்கு சர்க்கியூட் ஸ்விட்சிங் என்று பெயர். இரண்டு டிரங்கும் பூட்டிக் கிடந்தால் மூன்றாமவருக்கு பிஸி டோன்.

எட்டுப் பேருக்கு இரண்டு கார் எப்படிப் போதும்? எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கிளம்ப மாட்டார்கள் என்கிற நம்பிக்கைதான். இத்தனை பேருக்கு எத்தனை டிரங்க் போதும் என்பதற்கு டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்லாங் 1909லேயே கணக்கு போடத் தொடங்கிவிட்டார். தொலைபேசித் துறையில் போக்குவரத்தை இன்றும் அவர் பெயரில்தான் அளக்கிறார்கள்.

இதுவரை: பெட்டி, சில வெளி இணைப்புகளைப் பலருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. ஆனால் கொடுத்தால் முழுதாகத்தான் கொடுக்கும், பாதி கொடுக்காது.

ஒரு காலத்தில் நெட் இதன் வழியாகத்தான் போனது

லாட்ஜ்காரர் கேட்டதை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. உண்மையிலேயே அப்படி ஒரு காலம் இருந்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் வழியாக. அப்போது டயல்-அப். கணினியோடு ஒரு மோடத்தை இணைப்போம். கணினியின் தரவைச் சத்தமாக மாற்றிப் போனில் அனுப்புவதும், வரும் சத்தத்தைத் திரும்பத் தரவாக மாற்றுவதும் மோடத்தின் வேலை. அந்த 'கீ... கொர்ர்ர்' சத்தம் நாற்பது தாண்டியவர்களுக்கு மறந்திருக்காது.

பெட்டியைப் பொறுத்தவரை மனிதன் கத்தினாலும் மோடம் கத்தினாலும் ஒன்றுதான். அதனால் எக்ஸ்டென்ஷனில் மோடத்தைச் செருகினாலும் வேலை செய்தது. ஒரு சின்ன வித்தை மட்டும் வேண்டும். டயல் செய்யும் எண்ணுக்கு முன்னால் 0 போட்டு, அதற்குப் பின் ஒரு கமா போட வேண்டும். கமா என்றால் மோடத்துக்கு 'கொஞ்சம் நில்' என்று அர்த்தம். பெட்டி வெளி இணைப்பைப் பிடிக்க அந்த இரண்டு விநாடி தேவை. அதுவும் போதாமல் சில மோடங்கள் 'டயல் டோன் இல்லை' என்று அடம்பிடிக்கும். பெட்டியின் உள் டோன் எக்ஸ்சேஞ்ச் டோனிலிருந்து வேறுபட்டது, அதை டோன் என்றே அவை ஒத்துக்கொள்ளாது.

ஆனால் நெட் போட்டதும் ஒரு டிரங்க் பூட்டிக்கொள்ளும். மேனேஜர் மெயில் பார்க்கிற முக்கால் மணி நேரமும் ஆபீசுக்கு ஒரே ஒரு வெளி இணைப்புதான் மிச்சம். '56கே' என்று எழுதிய மோடம் அந்த வேகத்தைக் கொடுக்கவும் செய்யாது. அதற்குச் சத்தத்துக்கும் எண்ணுக்கும் இடையிலான மாற்றம் வழியில் ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும். நடுவில் பெட்டி உட்கார்ந்து இன்னொரு முறை மாற்றினால் விநாடிக்கு 33.6 கிலோபிட்டோ அதற்கும் கீழோதான். இன்று செல்போனில் எடுக்கிற 3 எம்பி போட்டோ ஒன்று அந்த வேகத்தில் போய்ச் சேர 12 நிமிடம் ஆகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று கூட இன்டர்நெட்டைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டது இன்டர்காம் பெட்டி இல்லை. மோடம் செருகிய கணினிதான் மற்றக் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. 1999ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் அதற்கென்றே ஒரு வசதி இருந்தது.

இன்றைய நெட்டைப் பெட்டி ஏன் தடுக்கிறது

மனிதக் குரல் புரிய வேண்டுமானால் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலி போதும். ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்கிற அளவு. தொலைபேசிக்காரர்கள் சிக்கனமானவர்கள், அதற்கு மேல் உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். டிஜிட்டல் பெட்டி குரலை விநாடிக்கு 8000 முறை அளந்து எண்ணாக மாற்றுகிறது. அப்படி அளந்தால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பிடிக்க முடியாது.

ஆக, பெட்டி ஒரு சல்லடை. எங்கள் பக்கம் அரிப்பு என்போம். குரல் மட்டும் விழுகிற அளவுக்குத்தான் அதில் ஓட்டை.

பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்று பிராட்பேண்டைக் கொண்டுவந்தபோது அதே பழைய செம்புக் கம்பியில்தான் வந்தது. எப்படி வேகம் கூடியது? குரல் கீழ்த்தளத்தில் இருக்க, தரவை மேல்மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். சுமார் 25,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்கி 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை. பின்னால் வந்த வகையில் 22 லட்சம் வரை. இந்த முறைக்கு ஏடிஎஸ்எல் என்று பெயர். ஒரே கம்பியில் இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் போகும்.

கம்பி விட்டுவிடும், பெட்டி விடாது. அதனால்தான் ஸ்பிளிட்டர் என்கிற சின்ன டப்பாவைப் பெட்டிக்கு முன்னாலேயே போட வேண்டும். அங்கே குரலையும் தரவையும் பிரித்து, குரலை மட்டும் பெட்டிக்கும் தரவை மோடத்துக்கும் அனுப்ப வேண்டும்.

இது தெரியாமல் நானே இரண்டு நாள் வீணடித்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. ஒரு ஆபீசில் நெட் இல்லை. மோடத்தை மாற்றினேன், கடற்காற்றில் களிம்பேறிய ஜாயின்ட்டையெல்லாம் சுரண்டினேன். கடைசியில் பார்த்தால் மேஜையை மாற்றிப் போட்டபோது யாரோ மோடத்தை எக்ஸ்டென்ஷன் சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். டயல் டோன் கேட்டதால் நானும் 'லைன் இருக்கு' என்று நம்பிக்கொண்டிருந்தேன். லைன் இருந்தது, மேல்மாடி இல்லை.

இதுவரை: டயல்-அப் குரலாக வேஷம் போட்டதால் பெட்டிக்குள் நுழைந்தது. பிராட்பேண்டுக்கு அந்த வேஷம் இல்லை, நுழைய முடியாது.

சுவருக்குள் இருக்கும் ஒயர்?

லாட்ஜ்காரரின் அடுத்த கேள்வி இதுதான்: "பெட்டி வேண்டாம், ஒயரையாவது எடுத்துக்க முடியாதா?"

முடியும் சில இடங்களில். பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு கருவியை வைத்து, அறைக்குப் போகும் ஒயரில் குரலுக்கு மேலே தரவை ஏற்றலாம். அறையில் ஒரு ஸ்பிளிட்டரும் மோடமும் வேண்டும். ஓட்டல்களுக்கென்றே இப்படிக் கருவிகள் உண்டு. ஆனால் 30 அறைக்கு 30 மோடம் வாங்குகிற காசுக்கும் பராமரிக்கிற தலைவலிக்கும் மாடிக்கு ஒரு நெட்ஒர்க் கேபிள் இழுப்பதே மேல் என்பது என் எண்ணம்.

போனுக்கே முன்பு யாராவது கேட்-5 என்கிற நெட்ஒர்க் கேபிளை இழுத்திருந்தால் அதிர்ஷ்டம். அதில் நான்கு ஜோடிக் கம்பி இருக்கும், போனுக்கு ஒரு ஜோடிதான் செலவு. 100 மீட்டருக்குள் இருந்தால் முனையை மாற்றிக் கிரிம்ப் செய்து அப்படியே நெட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்த லாட்ஜில் இருந்ததோ ஒற்றை ஜோடி இன்டர்காம் ஒயர்.

நெட்டில் பிஸி டோன் ஏன் இல்லை

ஒரு நெட் இணைப்பைப் பத்து பேர் எப்படிப் பங்கிடுகிறார்கள்? இதற்குக் கார் உவமை உதவாது. கன்னியாகுமரி படகுத்துறைக்குப் போவோம்.

விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகு போகிறது. 60 பிள்ளைகளோடு ஒரு பள்ளிச் சுற்றுலா வந்திருக்கிறது. அவர்களுக்கென்று ஒரு முழுப் படகு கொடுப்பதில்லை. வரிசையில் நிற்க வேண்டும். இந்தப் படகில் 20 பேர், அடுத்ததில் 25 பேர், மிச்சம் அதற்கடுத்ததில். நடுநடுவே வேறு ஊர்க்காரர்களும் ஏறுகிறார்கள். ஆசிரியர் கெட்டிக்காரர், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டார். பாறையில் இறங்கியதும் எண் சொல்லிக் கூப்பிட்டு வரிசைப்படுத்துகிறார். 37ஆம் எண் வரவில்லை என்றால் கரைக்கு ஆள் சொல்லி அனுப்புகிறார்.

இன்டர்நெட்டில் எதை அனுப்பினாலும் இப்படித்தான் துண்டு துண்டாகப் போகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பேக்கெட். வழக்கமாக ஒன்றில் 1500 பைட் வரை. அந்த 3 எம்பி போட்டோ சுமார் 2000 பேக்கெட்டாகும். ஒவ்வொன்றிலும் போக வேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும். வராத பேக்கெட்டின் நகலை மறுபடி கேட்டு வாங்கலாம். பிள்ளையை அப்படிக் கேட்க முடியாது; உவமை அங்கேயே நிற்கட்டும்.

இதில் யாருக்கும் எதுவும் பூட்டப்படவில்லை. நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் அரை நிமிடத்தில் உங்கள் பேக்கெட் எதுவும் போகவில்லை. அந்த இடத்தில் பக்கத்து அறைக்காரருடையது போகிறது. கூட்டம் அதிகமானால் பிஸி டோன் வராது, வரிசை நீளும். அதைத்தான் 'நெட் ஸ்லோ' என்கிறோம். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 30 அறையும் ராத்திரி பத்து மணிக்கு ஒன்றாக வீடியோ பார்த்தால் ஆளுக்கு மூன்று சொச்சம்தான் கிடைக்கும். படம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

ரவுட்டரின் நோட்டுப் புத்தகம்

இந்த வரிசையை நடத்துவது ரவுட்டர். இன்டர்காம் பெட்டிக்கும் அதற்கும் ஒரு ஒற்றுமை உண்டு: வெளியே ஒரே முகவரி, உள்ளே பலர்.

நெட்டில் உள்ள கருவிக்கான எண்முகவரி ஐபி முகவரி. பழைய முறையில் உலகத்துக்கே மொத்தம் 429 கோடிதான். போதாது என்று முன்கூட்டியே தெரிந்து, 192.168 என்று தொடங்குவது போன்ற சில எண்களை 1996ல் உள்வீட்டு உபயோகத்துக்கு ஒதுக்கினார்கள். உங்கள் வீட்டிலும் 192.168 இருக்கும், இந்த லாட்ஜிலும் இருக்கும். எல்லா ஆபீசிலும் எக்ஸ்டென்ஷன் 21 இருப்பதைப் போல.

21ஆம் அறைக்காரர் ரிசப்ஷனில் சொல்லிப் பிரியாணி வரவழைக்கிறார் என்று வையுங்கள். கடைக்காரருக்கு லாட்ஜ் பெயர் மட்டும்தான் தெரியும். ரிசப்ஷன் பையன் நோட்டில் 'அந்தக் கடை, 21' என்று குறித்துக்கொள்கிறான். பார்சல் வந்ததும் நோட்டைப் பார்த்து மேலே அனுப்புகிறான். ரவுட்டர் செய்வதும் இதுவே. வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் குறித்து வைத்து, பதில் வந்ததும் உரியவருக்குத் தருகிறது. இதற்கு நாட் என்று பெயர்.

வெளியிலிருந்து வருகிறவர்களிடம்தான் இரண்டும் மாறுகின்றன. யாராவது அழைத்தால் இன்டர்காம் பெட்டி ஆபரேட்டருக்கு மணி அடிக்கும். நோட்டில் இல்லாத பேக்கெட் வந்தால் ரவுட்டர் யாரையும் எழுப்பாது, சத்தமில்லாமல் தள்ளிவிடும்.

மெயில் எங்கே இருக்கிறது

'லைன் செத்தால் மெயில் போகுமா' என்கிற பயத்துக்கு வருவோம். மெயில் உங்கள் ஆபீசுக்கு வருவதே இல்லை. உங்களுக்காக எங்கோ ஒரு சர்வரில், அதாவது எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில், உங்கள் பெயர் போட்ட பெட்டியில் போய் விழுகிறது. தபால் நிலையத்தில் வாடகைக்கு எடுக்கும் போஸ்ட் பாக்ஸ் மாதிரி. உங்கள் தெருவில் மரம் விழுந்து பாதை அடைத்தாலும் கடிதம் போஸ்ட் பாக்ஸில் பத்திரமாக இருக்கும்.

பிரச்சினை வருவது நாலு பேர் ஒரே பெட்டியைத் திறக்கும்போது. பெட்டியைத் திறக்க இரண்டு வழக்கங்கள் உண்டு. பாப் என்பது போய்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது. ஐமேப் என்பது கடிதத்தை அங்கேயே வைத்துப் படிப்பது.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு முந்திரி ஆபீசில் மூன்று கணினியிலும் ஒரே மெயில் முகவரியைப் பாப்பில் போட்டு வைத்திருந்தார்கள். யார் கணினி முதலில் போய் எடுக்கிறதோ கடிதம் அவருக்கு. கொல்லத்திலிருந்து வந்த ஆர்டர் கணக்குப் பிள்ளையின் கணினியில் கிடக்க, அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். 'மெயில் அனுப்பினேன்', 'வரவே இல்லை' என்று இரண்டு பக்கமும் சண்டை. இரண்டு பேரும் சொன்னது உண்மை.

ஐமேப்புக்கு மாற்றினால் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் ஒருவர் திறந்து பார்த்ததும் அது 'படித்தது' ஆகிவிடும். மற்றவர்கள் 'யாரோ கவனிச்சிட்டாங்க' என்று கடந்து போவார்கள். அதனால் நான் சொல்வது: ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு கடவுச்சொல், ஆர்டருக்கு ஒரு பொது முகவரி. அதற்கு வருவது எல்லார் பெட்டிக்கும் நகலாகப் போகட்டும்.

இப்போது போன்தான் நெட்டில் ஏறுகிறது

அன்று நெட் குரல்போல வேஷம் கட்டிப் போனில் ஏறியது. இன்று குரல் பேக்கெட்டாகி நெட்டில் ஏறுகிறது. வாய்ஸ் ஓவர் ஐபி என்பது இதுதான். மார்க் ஸ்பென்சர் என்கிற அமெரிக்கர் 1999ல் ஆஸ்டெரிஸ்க் என்று ஒரு இலவச மென்பொருள் எழுதினார். சாதாரணக் கணினியில் அதைப் போட்டாலே இன்டர்காம் பெட்டி தயார். யாரும் எடுக்காத அழைப்பைப் பதிவு செய்து, ஒலிக் கோப்பாக உங்கள் மெயிலுக்கே அனுப்பிவிடும்.

வழக்கமான தரத்தில் ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் 90 கிலோபிட்டுக்குள்தான் செலவு. விநாடிக்கு 50 பேக்கெட். இவ்வளவு சின்னதுக்கு ஏன் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது? போட்டோவின் பேக்கெட் தாமதமாக வந்தால் பாதகமில்லை. 'வணக்கம்' என்பதில் 'க்' மட்டும் ஒரு விநாடி கழித்து வந்து என்ன பயன்? யாராவது பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டிருந்தால் குரல் பேக்கெட் வரிசையில் மாட்டிக்கொள்ளும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். வேகம் அதிகமான பிளானுக்கு மாறுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

கரண்ட் விஷயம் ஒன்று. பழைய செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஊர் முழுக்க இருட்டானாலும் போன் பேசியது. ஃபைபர் என்கிற கண்ணாடி இழையில் வருவது வெளிச்சம் மட்டும். அதைப் பிரித்துத் தரும் ஓஎன்டி என்கிற டப்பாவுக்கு நம் வீட்டுக் கரண்ட்தான் சோறு. பதிலுக்கு ஒரு நன்மையும் உண்டு: கண்ணாடி இழையில் மின்னல் ஏறி வராது. ஐப்பசி இடியில் டிரங்க் கார்டு எரியாத பழைய பெட்டிகள் எங்கள் பக்கம் குறைவு.

அந்த லாட்ஜில் கடைசியில் செய்தது இதுதான். அறைகளுக்கான பழைய பெட்டியும் ஒயரும் அப்படியே இருக்கின்றன. ரிசப்ஷனில் ஃபைபர், அங்கிருந்து மாடிக்கொரு கேபிள், வராந்தாவில் வைஃபை. ஓஎன்டியின் போன் துளையிலிருந்து ஒரு ஒயர் எடுத்துப் பெட்டியின் டிரங்கில் கொடுத்தேன். பெட்டியும் நெட்டும் சேர்ந்துவிட்டன, லாட்ஜ்காரர் நினைத்ததற்கு நேர் எதிர்த் திசையில்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். "தம்பி, கரண்ட் போனா ரூமுக்கு ரூம் பேசுது, வெளிய மட்டும் போகல. லைன் போச்சா?" பெட்டி இன்வெர்ட்டரில் இருந்தது, ஓஎன்டி பக்கத்துச் சாதா பிளக்கில் இருந்தது. மாற்றிச் செருகச் சொன்னேன்.